செஞ்சோ சான் காலமானார்

இன்னாசி ஒரு வியாழக்கிழமை காலை டீ குடித்த கையோடு செத்துவிடுவதென்று முடிவெடுத்தார். உடம்புக்கு ஒரு குறையுமில்லை. சர்க்கரை கிடையாது, கொதிப்பு கிடையாது. துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டிய கைகள் இன்னும் ஒரே போடில் தேங்காய் உடைக்கும். ஆனால் மிச்சிகோ சான் சென்னைக்கு வருவதாக எழுதிவிட்டாள். அவள் வந்து சேருவதற்குள் செத்துப்போவதைத் தவிர அவருக்கு வேறு மரியாதையான வழி தெரியவில்லை.

மிச்சிகோ யார் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு இன்னாசி யார் என்பதைச் சொல்ல வேண்டும்.

ராயபுரத்தில் அவர் கதை கேட்காத ஆள் இல்லை. அவருடைய கிரேன் கொக்கியில் ஒருமுறை திமிங்கிலம் மாட்டியது. அதைப் பூப்போல் தூக்கி, கொக்கியைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டுக் கடலில் விட்டார். இன்னொரு முறை புயலடித்தபோது கிரேனோடு பறந்துபோய்ப் பழவேற்காட்டில் இறங்கினார். அங்கேயிருந்து பஸ் பிடித்து, ஷிஃப்டு முடிவதற்குள் திரும்பிவிட்டார். கிரேன் மட்டும் மறுநாள் வந்தது. கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கொட்டாவி விட்டார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அவர் தெருவோடு வந்து உட்கார்ந்த பிறகு, வாயைத் திறந்தாலே, “திமிங்கலம் வந்துகினு கீது, ஒதுங்கு மாமு” என்று சொல்லி எழுந்து போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் மஜீது பிரவுசிங் சென்டர் திறந்தான். கம்ப்யூட்டர்களுக்கு நடுவே பிளைவுட் தடுப்பு, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. உள்ளே போனால் உலகமெங்கும் கதை கேட்கக் காத்திருக்கிறார்கள் என்று இன்னாசிக்குத் தெரிந்துபோனது. பொழுதுபோக்கும் பயணமும் பேசுவதற்கென்றே ஒரு அரட்டை அறை இருந்தது. மணிலாவில் சண்டைச் சேவல் வளர்க்கிறவர் ஒருவர், போலந்தில் தீப்பெட்டிப் படம் சேர்க்கும் பெண் ஒருத்தி, ஜப்பானில் மீன் டப்பா கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மிச்சிகோ. உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்கள். உலகம் சுற்றுவது என்று இன்னாசி தட்டினார். தொழில்? கப்பல் கேப்டன்.

இதைப் பொய் என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. உலகத்துக் கப்பலெல்லாம் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று சரக்கு இறக்கிவிட்டுத்தான் போயிருக்கின்றன. ஏறத்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிச்சிகோவிடம் ஜப்பான் பாஷை படித்தார். அந்தப் பாஷையில் கப்பல் தலைவருக்குச் செஞ்சோ என்று பெயர். மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்து, அவள் அவரைச் ‘செஞ்சோ சான்’ என்று கூப்பிட்டாள். வீட்டில் அவருக்கு இருந்த ஒரே பெயர் ‘யோவ்’. செஞ்சோ சான் என்று காதுக்குள் கேட்கும்போது அவர் நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்காருவார். வீட்டுப் பாடத்தை ஒரு நாளும் தவறவிடவில்லை. குளிக்கும்போதும் கருவாடு வாங்கும்போதும் வினைச்சொற்களை முணுமுணுத்தார். அவர் வாழ்க்கையில் கலப்படமில்லாமல் செய்த காரியம் அந்தப் படிப்பு ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சிகோ, “ஒமிசாகி பக்கம் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டாள். அவள் கணவன் பிறந்த கடலோரக் குப்பம். சின்ன வயதில் ஊரைவிட்டு வந்தவர், சொந்தம் என்று அங்கே யாருமில்லை. இப்போது படுத்த படுக்கையாக இருக்கிறார், ஊர் நினைப்பாகவே கிடக்கிறார்.

இன்னாசி அந்தப் பெயரை அன்றுதான் கேள்விப்பட்டார். “ஒமிசாகியா? போன வருஷம்கூட அங்கேதான் நங்கூரம் போட்டேன்” என்றார். கேப்டன் வேறென்ன சொல்வார்?

அவள் குரல் துள்ளியது. அப்படியானால் கரையில் பைன் மரங்கள் இருக்கின்றனவா? பள்ளிக்கூடம் இருக்கிறதா? அடுத்த மாதம் அவரை அழைத்துக்கொண்டு போகப்போகிறேன். நீங்கள் கரையில் எந்த இடத்தில் இறங்கினீர்கள் என்று சொல்லுங்கள், அங்கே நிற்கவைத்துப் படமெடுத்து அனுப்புகிறேன்.

இன்னாசிக்கு வியர்த்தது. அவர்கள் போனால் ஊராரிடம் கேட்பார்கள். கேட்டால் மாட்டிக்கொள்வார். அவர்கள் போகாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்று அவருக்குப் பட்டது. ஆகவே அனல்மின் நிலையம் வந்து கெட்டுப்போன எண்ணூரை எடுத்து ஒமிசாகியில் வைத்தார். மரமெல்லாம் போய்விட்டது அம்மா. புகைக்கூண்டு நிற்கிறது. துணி காயப்போட்டால் சாம்பல் படிகிறது. கழிமுகத்துத் தண்ணீர் கொதிக்கிறது, மீன் மல்லாந்து மிதக்கிறது. குப்பத்தை எடுத்து ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டார்கள். நிறையக் கதை சொன்னவர்தான். இவ்வளவு தத்ரூபமாக எதையும் சொன்னதில்லை. சொல்லும்போது அவருக்கே கண் எரிந்தது.

மிச்சிகோ, “அப்படியா” என்றாள். அன்று பாடம் சீக்கிரம் முடிந்தது. அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பல மாதம் கழித்து இரண்டே வரி வந்தது: இந்தியா வருகிறேன். செஞ்சோ சானை நேரில் பார்த்துப் பேச வேண்டும்.

“இன்னா நைனா, மேட்டர் சீரியஸா கீது” என்றான் மஜீது. “உன்னிய பாக்க ஏரோப்ளேன் ஏறி வருதா அந்தம்மா?”

“வந்தா கப்பல் எங்கன்னு கேக்கும்பா.”

“காசிமேட்டாண்ட ஒரு போட்ட காட்டி, வாஷிங்குக்கு வுட்டுக்கீதுன்னு சொல்லு.”

“வெளையாடாத மஜீது. இத்தினி பெரிய ஒலகத்துல அது ஒண்ணுதான் என்னிய மனுசனா மதிச்சுது. அது மூஞ்சி சுளிக்கறத நான் பாக்கமாட்டேன். அதுக்கு நான் பூட்டேன்னு சொல்லிடு.”

“எங்க பூட்டன்னு?”

இன்னாசி விரலால் மேலே காட்டினார். மஜீது நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தான். பிறகுதான் புரிந்தது.

வட சென்னையில் போஸ்டர் இல்லாத சாவு சாவில் சேர்த்தியில்லை. ஜப்பான்காரி நம்புவதற்கும் ஏதாவது காட்டவேண்டுமே. இன்னாசியின் இளவயதுப் படத்தில் மஜீது கம்ப்யூட்டரிலேயே ஒரு கேப்டன் தொப்பி வைத்தான். கொருக்குப்பேட்டையில் தேவகிருபை என்பவருடைய அச்சகத்தில் கொடுத்து, ‘கண்ணீர் அஞ்சலி, கேப்டன் இன்னாசி’ என்று ஒரு போஸ்டர் கேட்டான். அங்கேதான் தப்பு நடந்தது. தேவகிருபையின் தொழில் வாழ்க்கையில் யாரும் ஒரே ஒரு போஸ்டருக்காகச் செத்ததில்லை. வழக்கமாக அடிக்கிற அளவு அடித்து, மஜீதிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வழக்கப்படி ஆள் அனுப்பி ஒட்டியும் விட்டார். அச்சுக்கூலியில் ஒட்டுக்கூலியும் அடக்கம்.

விடிந்ததும் இன்னாசி பல் துலக்க வெளியே வந்தபோது, எதிர்ச் சுவரில் அவரே தொப்பியோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்மண்டபம்வரை அவர்தான். கூடக் கிரேன் ஓட்டிய அம்புரோஸ் மூச்சிரைக்க, ஆளுயர மாலையோடு வந்து நின்றார்.

“செத்தது நீதானா, வேற இன்னாசியா?”

“நான்தான்.”

“அப்ப மாலைய இன்னா பண்றது?”

“குடு, வந்ததுக்குப் போட்டுக்கறேன்.”

“குடுக்காதண்ணே” என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி ஃப்ளோரன்ஸ். “ஒருவாட்டி போட்டா அப்பால கயட்டமாட்டாரு.”

வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டு அவளுக்குக் கை ஓய்ந்தது. கூட்டம் கலைந்த பிறகு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“எதுக்குய்யா செத்த?”

“ஒரு காரியமா.”

“அந்த ஜப்பான்காரிக்கோசரமா?”

அவர் காலி டம்ளர் ஒன்றை நகர்த்திவைத்தார்.

“எனுக்கோசரம் ஒரு நாளு ஜுரம்னு படுத்தது கெடையாது நீ” என்று சொல்லிவிட்டு அவள் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

மஜீது போஸ்டரை ஸ்கேன் செய்து அரட்டை அறையில் போட்டான். இன்னாசி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தம் சாவுக்கு வரும் அழுகைக்காகக் காத்திருந்தார். மணிலாக்காரர் மிகவும் வருந்தினார். கூடவே, தம்முடைய சிவப்புச் சேவல் நேற்று ஜெயித்ததையும் சொன்னார். போலந்துக்காரி, கேப்டன் அனுப்புவதாகச் சொன்ன தீப்பெட்டிப் படங்களை வீட்டில் யாராவது தேடிப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். அதற்குமேல் பேச்சு சேவலுக்குப் போய்விட்டது.

மிச்சிகோ மறுநாள் எழுதினாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கல்லறையையாவது பார்க்க வேண்டும்.

“பாத்தியா?” என்றார் இன்னாசி. “செத்தும் வுடல. வருது பாரு.” செத்ததில் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். அந்த வாரம் முழுக்க அதை வைத்துக்கொண்டே நடமாடினார்.

காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய அப்பாவின் கல்லறை இருந்தது. கல்லில் எழுதிய பெயரை ஜப்பான்காரி படிக்கப் போவதில்லை. அதன்மேல் ஒரு போஸ்டரை ஒட்டிவிட்டால் போதும். ஆனால் அவள் எப்படி அழுகிறாள் என்று பார்க்காமல் இருக்க இன்னாசிக்கு மனசு கேட்கவில்லை. செத்தவனுடைய தம்பியாகப் போகலாம். முகம் ஒத்துப்போவதுகூட நியாயம்தான். குரல்தான் வம்பு. ஹெட்போனில் ஆண்டுக்கணக்கில் கேட்ட குரல். அதனால் தம்பியை ஊமையாக்கினார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் மஜீது அவளை ஆட்டோவில் அழைத்துவந்தான். குள்ளமான, நரைத்த பெண். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, மடித்த குடை. இன்னாசி நினைத்துவைத்திருந்த உயரம் இல்லை. மஜீது தன் இங்கிலீஷில் அறிமுகம் செய்தான்: கேப்டனின் தம்பி, பேச்சு வராது.

“காது?” என்று அவள் கேட்டாள்.

மஜீது இதற்குத் தயாராக வரவில்லை. “அதுவும் அவுட்” என்றான்.

அவள் தலையசைத்தாள். போஸ்டரில் இருந்த தொப்பிக்காரரை ரொம்ப நேரம் பார்த்தாள். ஊதுவத்தி ஏற்றி மண்ணில் நட்டாள். பிறகு கல்லறைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, ஜப்பான் பாஷையில் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.

“செஞ்சோ சான், நான் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த சொற்களை மட்டும் பேசுகிறேன். அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.”

புரிந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. ஊமைத் தம்பி ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒமிசாகி பற்றி நீங்கள் சொன்னதை என் கணவரிடம் சொன்னேன். போவதற்கு வண்டி பேசியிருந்தோம். டாக்டரும் போகலாம் என்றார். நீங்கள் சொன்னதைக் கேட்டதும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். வேண்டாம் என்றார். வண்டி வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் ஊரைப் பற்றிப் பேசவில்லை. குளிர்காலத்தில் இறந்துபோனார்.

“சாம்பலை எடுத்துக்கொண்டு நான் போனேன். கெட்டுப்போன ஊர்தான், இருந்தாலும் அவருடைய ஊர். பைன் மரங்கள் இருந்தன. கடல் தெளிவாக இருந்தது, அடியில் மணல் தெரிந்தது. பள்ளிக்கூடம் இருந்தது. அவர் பெயரைச் சொன்னதும் ஒரு கிழவி வீட்டுக்குள் கூப்பிட்டு டீ கொடுத்தாள். அவர் வருவார் என்று நினைத்திருந்தாளாம்.”

மஜீது தூரத்தில் நின்று பக்தியோடு கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“ஏன் அப்படிச் சொன்னீர்கள்? இதைக் கேட்கத்தான் வந்தேன். பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். நேரில் கேட்டால் சொல்லுவீர்கள். நான் கோபப்படுவேன், நீங்கள் தலைகுனிவீர்கள். பிறகு நான் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். நீங்கள் செத்துவிட்டீர்கள். இனி நான் யாரைக் கேட்பேன்?”

அவள் நிறுத்தினாள். பதிலுக்கு இடம் விடுவதுபோல், பாடம் நடத்தும்போது நிறுத்துவாளே, அதேபோல் நிறுத்தினாள். அவரிடம் பதில் இருந்தது. ‘பயந்தேன்’ என்பது ஆரம்பப் பாடத்திலேயே வருகிற சொல். ‘மன்னியுங்கள்’ அதற்கும் முந்தியது; அதை அவர் உச்சரித்தவிதம் ஜப்பான்காரரைப் போலவே இருக்கிறது என்று அவளே பாராட்டியிருக்கிறாள். வாயைத் திறந்தால் செத்தவன் எழுந்து நிற்பான். பொய்க்காகச் செத்தான் என்பதும் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை என்று நினைத்திருப்பவளுக்கு, அவன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்ததும் தெரியும்.

அவர் திறக்கவில்லை. இன்னாசி தம் வாழ்நாளில் சொல்லத் தெரிந்தும் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

மிச்சிகோ முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள். கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. தம்பியின் முன்னால் வந்து குனிந்தாள். அவரும் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ஷூச் சத்தம் மணலில் தேய்ந்து, ஆட்டோ கிளம்பும் சத்தமும் தேய்ந்து மறையும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மஜீது அவளை ஏற்றி அனுப்பிவிட்டு ஓடிவந்தான். “நைனா, எய்ந்திரு. பூட்டாங்க. எத்தினி நேரம் பேசிச்சு பாத்தியா? எங்கப்பன் மௌத்தானப்பகூட எவனும் இப்டி பேசல. எனுக்கே பேஜாரா பூட்ச்சு. இன்னா சொல்லிச்சு அந்தம்மா?”

இன்னாசி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அவரிடம் எப்போதும் ஒரு கதை இருக்கும். மஜீது அதற்காக முகத்தை நீட்டிக்கொண்டு நின்றான்.

“எனுக்கின்னா தெரியும்” என்றார். “காது கேக்காதுன்னு நீதானே சொன்ன.”

மஜீது கல்லறைச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். திமிங்கிலமெல்லாம் இதுக்குக் கால்தூசு நைனா என்றான். அன்று சாயங்காலத்துக்குள் அதைக் கல்மண்டபம்வரை சொல்லித் தீர்த்தான். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.