ரேடியோ பேசாத காலை

வானொலி நிலையத்தை மூடச் சொல்லி ஆணையோடு வந்தது வேறு யாருமில்லை, செய்தி வாசிப்பவளின் சொந்தக் கொழுந்தன்தான். அவள் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டையோடு நின்றவன், அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். இப்போது தலைநகரில் பெரிய அதிகாரி.

"அண்ணி, என் கையில எதுவும் இல்ல. அலைவரிசைய ஒரு பாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்தாச்சு."

"அதச் சொல்ல உன்னைத்தான் அனுப்பினாங்களா?"

"வேற யாராவது வந்தா உங்ககிட்ட மரியாதை இல்லாம நடந்துப்பாங்கன்னு நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

இதற்கு அழுவதா, அவனை அறைவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

நிலையம் ஏற்கெனவே குற்றுயிரும் குலையுயிருமாகத்தான் கிடந்தது. முதலில் நாடகப் பிரிவை மூடினார்கள், அப்புறம் மாலை ஒலிபரப்பை. ஓய்வு பெற்றுப் போனவர்களின் நாற்காலிக்கு ஆளே வரவில்லை. மழைக்காலத்தில் ஒலிபரப்பு அறை ஒழுகும். சொட்டும் சத்தம் மைக்கில் விழாதபடி வாளிக்குள் துணியைப் போட்டுவிட்டு அவள் செய்தி வாசிப்பாள். கடைசியில் மிஞ்சியவர்கள் அவளும், ஒல்லியான உடம்பால் 'கம்பி சார்' என்று பேர் வாங்கிய பொறியாளரும், வாசல் காவலாளியும்தான்.

அவள் விறுவிறுவென்று மாடியேறி ஒலிபரப்பு அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பி சாருக்குக் கையைக் காட்டினாள். ஒலிபரப்பு போகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

எழுதியதை வாசித்தே பழகிய வாய்க்கு முதலில் வார்த்தை வரவில்லை. பிறகு கொட்டியது. தபால் நிலையத்து மாடியில் இரண்டு அறைகளில் நிலையம் தொடங்கியதைச் சொன்னாள். கலவர நாட்களில், சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா இல்லையா என்று ஊரே தவித்தபோது, மருத்துவமனையிலிருந்து வந்த பெயர்களைத் தொண்டை கட்டும்வரை வாசித்ததைச் சொன்னாள். அணை உடைந்தபோது எந்தத் தெரு வழியாக ஓடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்ததைச் சொன்னாள்.

"அப்ப நாங்க உங்க பக்கத்துல நின்னோம். இப்ப நீங்க வந்து எங்க வாசல்ல நில்லுங்க. உங்க கால்ல விழறேன், வாங்க."

ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். ஒரு பேருந்து போனது. குடை பிடித்த ஒருத்தி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நடந்தாள். மறுபடி கெஞ்சினாள். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

கடைசியில் கதவைத் திறந்தாள். "இத்தன வருஷம் யாருக்குத்தான் பேசினோம், கம்பி சார்? ஒருத்தர்கூட வரலையே!"

அவர் தலையைத் தூக்கவில்லை. "கேட்டாத்தானே மேடம் வருவாங்க. ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் போற லைனை முதல்லயே துண்டிச்சிட்டாங்க. நீங்க வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே."

"விளக்கு எரிஞ்சுதே?"

"நான்தான் போட்டேன். உங்க முகத்தப் பாத்துட்டுச் சொல்ல மனசு வரல."

அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பிறகு சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அரக்கு முத்திரையோடு கொழுந்தன் மாடியேறிய நேரம், காவலாளி ஓடி வந்தான். "மேடம், வாசல்ல ஒரு தையல்காரர் ரேடியோவத் தூக்கிட்டு வந்து சண்டை போடுறார்!"

"காலைலேர்ந்து வெறும் இரைச்சல்," என்று தையல்காரர் கீழேயிருந்து கத்தினார். "என் பெட்டில கோளாறா, உங்க பக்கம் கோளாறா?"

அவருக்குப் பின்னால் ஒரு நர்ஸ் வந்தாள். பேருந்து ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினார். உச்சிவேளைக்குள் வாசலைக் கூட்டம் அடைத்துவிட்டது. யாரும் கோஷம் போடவில்லை. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எப்ப சரியாகும்?"

கண் தெரியாத ஒருவர் கொழுந்தனின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பேப்பர் இல்ல, டிவி இல்ல. இனிமே யார் தம்பி சொல்லுவா?"

அவன் வேர்த்து விறுவிறுத்துப் போய் மேலிடத்துக்குப் போன் போட்டான். நெடுநேரம் கழித்துத் திரும்பினான். "காலைச் செய்தி மட்டும் இருக்கலாமாம். மத்ததெல்லாம் போச்சு, அண்ணி. அதுவும் இந்த வருஷம் வரைக்கும்தான்."

அவள் நன்றி சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவுமில்லை. மற்ற அறைகளை ஒவ்வொன்றாகப் பூட்டி அரக்கு வைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் செய்தி வாசித்து அவள் வணக்கம் சொன்ன மறு நொடியே, பாட்டுக் கம்பெனி போட்ட சோப்பு விளம்பரம் குதித்துக்கொண்டு வந்தது. கம்பி சார் சத்தத்தைக் குறைத்தார்.

"நாளைக்கு வருவீங்கல்ல, மேடம்?"

"வராம?" என்றாள். ஆனால் நாற்காலியை விட்டு எழ அவளுக்குத் தெம்பில்லை.