மூன்று நீலப் புள்ளிகள்

பெரியம்மா மூன்றாவது முறையாக ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தாள். குளியலறையில் பலகைமேல் கிடத்தியிருந்த அம்மாவின் மார்பில் அந்த நீலப் புள்ளி மட்டும் போகவில்லை.

"சாகுற வரைக்குமா இவ மேல வேலை அழுக்கு? சோப்பை எடு."

"தேய்க்காதீங்க பெரியம்மா," மகள் தடுத்தாள். "அது அழுக்கில்ல. புத்துநோய்க்குக் கதிர் வைக்கிறதுக்கு அடையாளமா குத்தினது. விலாவுலயும் பக்கத்துக்கு ஒண்ணு இருக்கு."

பெரியம்மா துணியை வாளிக்குள் எறிந்தாள். காலையில் தங்கையின் மூச்சு நின்றதிலிருந்து அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"எல்லாம் உன் பிடிவாதம்டி. நுரையீரலுக்குப் போயிடுச்சுன்னப்பவே விட்டிருக்கணும். மருந்து ஏத்துனே, தொடைக் கட்டியை வெட்ட விட்டே, அப்புறம் கதிர். என்னத்தக் கண்டே?"

மகளுக்குச் சுருக்கென்றது. அம்மா வாந்தி எடுத்து ஓய்ந்த நாட்களில் இதே கேள்வியை அவளே தன்னிடம் கேட்டிருக்கிறாள்.

தொடைக் கட்டி தசைப் புற்று, நுரையீரலில் இரண்டே இரண்டு இடம் என்று தெரிந்த அன்று டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டே இடம்கிறதால மருந்து, ஆபரேஷன், கதிர் மூணையும் சேர்த்துப் பார்க்கலாம். குணமாகும்னு வாக்கு கொடுக்க மாட்டேன்."

மகள் வாயைத் திறக்கும் முன் அம்மா முந்திக்கொண்டாள். முப்பது வருடம் வீடு வீடாக டைல்ஸ் பதித்தவள். இம்மி மேடுபள்ளம் பொறுக்க மாட்டாள் என்பதால் உடன் வேலை செய்தவர்கள் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள்: ரசமட்டம்.

"ரெண்டு டைல்ஸ் உடைஞ்சதுன்னு வீட்டையா காலி பண்ணுவாங்க? செய்யுங்க டாக்டர்."

கதிர் அறையிலும் சும்மா இருக்கவில்லை. சிவப்பு ஒளிக்கோட்டைப் புள்ளியில் பொருத்திய டெக்னீஷியனை, "ஒரு நூல் இடது பக்கம் போகுது, நல்லாப் பாருங்க" என்று அதட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி பார்த்தார்.

"என்னத்தக் கண்டேனா?" மகளின் குரல் உயர்ந்தது. "மூணு வருஷம் எட்டு மாசம் கண்டேன். ஆரம்பிங்கன்னதும் அம்மா. மறுபடி உடம்பு பூரா வந்தப்ப போதும்னதும் அம்மாதான். நான் கூட நின்னேன். அதுக்கு யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்."

பெரியம்மா வாளியிலிருந்து துணியை எடுத்துப் பிழிந்தாள்.

"இந்தக் குளியலறையில தண்ணி தேங்கி நீங்க வழுக்கி விழுந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கென்ன இப்ப?"

"போன வருஷம் அம்மா தரையை மொத்தமா பேத்துட்டுப் புதுசாப் போட்டாங்க. மடக்க முடியாத காலை நீட்டி உட்கார்ந்துக்கிட்டு, பதினோரு நாள். உதவிக்குப் போன என்னையும் திட்டித் துரத்திட்டாங்க. அக்கா இனிமே விழக்கூடாதுன்னாங்க."

மகள் வாளியைத் தூக்கினாள். முழுவதையும் அம்மாவின் தோளிலிருந்து மெல்ல ஊற்றினாள். தண்ணீர் நீலப் புள்ளியைத் தாண்டி, பலகையிலிருந்து வழிந்து, பெரியம்மாவின் கால்விரல்களைச் சுற்றிக்கொண்டு மூலைத் துவாரத்துக்கு ஓடியது.

பெரியம்மா குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். எங்கும் ஒரு சொட்டுகூடத் தேங்கவில்லை.