தம்பி மேல் போர்த்தியது

"அக்காகிட்ட கேளு விக்கா. அந்த டப்பாவைக் கொஞ்சம் நிறுத்த முடியுமான்னு கேளு."

செமிசி வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னான். சமையலறையில் அவன் அக்கா லெசியேலி இருந்ததால் அவன் உள்ளே வரமாட்டான். அவன் மனைவி விக்காதான் இருவருக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தாள். மேசைமேல் ஒரு காலி மாட்டிறைச்சி டப்பா வீடே அதிரக் கத்தியது. பொழுது இப்போதுதான் விடிந்திருந்தது. பழத் தோட்டத்துக்கு யாரும் கிளம்பக்கூட இல்லை. அதற்குள் தகரக் கூரைக்குக் கீழே அத்தனை புழுக்கம்.

"அண்ணி, அவரு கேக்கறாரு..."

"என்ன கேப்பான்னு தெரியும். நிறுத்த மாட்டேன்னு சொல்லு. இன்னிக்கு அந்த பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள போனா ஆள் செத்துருவாங்கன்னு சொல்லு. நீ பூசி மெழுகாத. இதே வார்த்தையில சொல்லு."

விக்கா வேனருகே போனாள். "இன்னிக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குமாம். பாத்து நடந்துக்கச் சொன்னாங்க அண்ணி," என்றாள்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் டோங்கா தீவுகளில் புருஷனின் அக்கா என்றால் வீட்டுக்கே ராணி. அந்த ராணியின் கோபத்தைப் புருஷனிடம் அப்படியே கொண்டுபோய்க் கொட்டுகிற மருமகள் இன்னும் பிறக்கவில்லை. தம்பிக்கோ அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசக்கூட வாய் வராது. மீசை அரும்பும் முன்பே பையனை வீட்டிலிருந்து பிரித்து வேறு குடிசையில் படுக்க வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அக்கா இருக்கும் அறையில் அவன் உட்காரமாட்டான், சட்டையில்லாமல் அவள் கண்ணில் படமாட்டான். அவள் முன்னால் ஒருவர் உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை.

தோட்டத்து மேனேஜர் கிளெனுக்கு இது பெரிய வேடிக்கை. எங்கள் ஊரிலிருந்து கடல் கடந்து ஒப்பந்த வேலைக்கு வந்த எல்லோரையும் ஒரே வீட்டில் அடைத்தான். அக்கா தூங்கும் வீட்டில் தூங்க முடியாமல் செமிசி வேனில் படுத்தான். இன்னொரு இடம் தரச் சொல்லிக் கேட்டபோது, "என்னய்யா, அக்காவுக்கு இப்படிப் பயப்படற!" என்று கிளென் சிரித்தான். ஆனால் அந்த மரியாதையில் தனக்கு என்ன லாபம் என்பதை அவன் சீக்கிரமே கண்டுகொண்டான். செமிசியையே கூட்டத்துக்குத் தலைவனாக்கினான். இனி யார் முறையிட்டாலும் அது செமிசிக்கு அவமானம். ஊரார் முன்னால் தம்பியை எந்த அக்கா அவமானப்படுத்துவாள்?

லெசியேலி அதற்கும் ஒரு வழி பார்த்தாள். ஊரில் அவள் செல்போன் பழுது பார்த்தவள். பழச்செடிகளுக்கு மேல் பிளாஸ்டிக் போர்த்திய கூடாரத்துக்குள் இரண்டு பெண்கள் அடுத்தடுத்து மயங்கி விழுந்த பிறகு, தபாலில் சில்லறைச் சாமான்கள் வரவழைத்து, இணையத்தில் வீடியோ பார்த்து, வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்து அளக்கிற ஒரு கருவியை ஒட்டுப்போட்டாள். பெட்டிக்கு வேறு எங்கே போவது? இரவுச் சாப்பாட்டில் காலியான டப்பாவே பெட்டியானது. சூடு எல்லை தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும், டப்பா கத்தும். மனிதர் கத்தினால் அவமானம். டப்பா கத்தினால் யாருக்கு அவமானம்?

முந்தின நாள் அது கூடாரத்தில் கத்தியது. பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், கூடைகளைக் கீழே வைத்துவிட்டு யூகலிப்டஸ் நிழலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத்திலிருந்து ஒரு பெண்மணி ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் வந்து சொன்னதும் இதைத்தான்: சூடு தாங்காவிட்டால் வேலையை நிறுத்திவிடுங்கள். வானொலியிலும் அந்த வாரம் முழுக்க அதே பேச்சு: வெயில் எவ்வளவு ஏறினால் வேலையை நிறுத்துவது என்று பெரியவர்கள் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

கிளென் லெசியேலியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பழம் அடுக்கும் கொட்டகைக்கு மாற்றினான். செமிசியைத் தனியே கூப்பிட்டான். "உன் ஆளுங்களை ஒரு தகர டப்பா மேய்க்குதா, நீ மேய்க்கறியா? முடியலன்னா சொல்லு. அடுத்த வருஷம் வேற தீவுலேருந்து ஆள் எடுத்துக்கறேன்."

செமிசியின் வாக்கை நம்பித்தான் பாதி ஊர் இங்கே வந்திருந்தது. போன புயலில் கூரை போன வீடுகள் இந்த வேலையை நம்பித்தான் நின்றன. அவன் என்ன செய்வான்?

அன்று காலை, வாசலின் வெளிக்காற்றில் கத்தல் அடங்கிய டப்பாவை லெசியேலி விக்காவின் கையில் கொடுத்தாள். "நான் கொட்டகையில இருப்பேன். நீ கூடாரத்துக் கம்பியில மாட்டிரு. கத்தினா எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்துரு. அவனையும் சேத்து."

"சரி அண்ணி."

விக்கா மாட்டினாள். மதியம் வரை டப்பா கத்தவில்லை. கொட்டகையில் மின்விசிறிக்குக் கீழே நின்றவர்களுக்கே மூச்சு முட்டியது. கையில் எடுத்த பழம் வெதுவெதுப்பாக இருந்தது. லெசியேலி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். இந்நேரம் கத்தியிருக்க வேண்டுமே, கம்பி விட்டுப்போச்சா, சரியாகப் பற்றவைக்கவில்லையா என்று தன் கைவேலையின்மேலேயே சந்தேகப்பட்டாள்.

அப்போது கூடாரத்துப் பக்கமிருந்து ஓர் அலறல். விக்காவின் குரல்.

லெசியேலி பழங்களைக் குளிர வைக்கும் அறைக்குள் பாய்ந்து ஒரு வாளி ஐஸை அள்ளிக்கொண்டு ஓடினாள். காயும் மண்ணில் செருப்பு ஒன்று கழன்று போயிற்று.

கூடாரத்துக்குள் செமிசி விழுந்து கிடந்தான். அன்று எல்லோரும் தண்ணீர் குடிக்க வெளியே வந்து வந்து போனார்கள். தலைவன் மட்டும் வரவில்லை. அவன் வந்தால் மற்றவர்களும் நின்றுவிடுவார்கள் என்று நினைத்திருப்பான். ஆண்கள் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்திருந்தார்கள். சட்டையைக் கழற்றி, தண்ணீர்க் கேனைக் கவிழ்த்து, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவன் கண் லேசாகத் திறந்தது என்று பிறகு ஒருவன் சொன்னான்.

அப்போது யாரோ வெளியே பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்கள். "அக்கா வர்றாங்க! அக்கா வர்றாங்க, மூடுங்க!"

பழகிய கைகள் யோசிக்கவில்லை. ஒருவன் ஈரச் சட்டையை இழுத்து மாட்டி விட்டான். இன்னொருவன் தன் மேல்கோட்டைப் போட்டான். பழத்தை மூடும் தடித்த தார்ப்பாயை மூன்றாமவன் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினான். அக்காவின் கண்ணில் தம்பியின் வெற்றுடம்பு படக்கூடாது. எல்லோரும் தலை குனிந்து ஒதுங்கி நின்றார்கள்.

லெசியேலி கூடாரத்து வாயிலில் நின்றுவிட்டாள். கையில் வாளி. அவன் போர்வையைக் கழற்றச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

"விக்கா," என்றாள். "அவங்ககிட்ட... அவனுக்குக் கொஞ்சம் காத்து விடச் சொல்லு."

விக்கா புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் காதில் எதுவும் விழவில்லை. யாரும் அசையவில்லை. தார்ப்பாயில் வெயில் பளபளத்தது. அதற்குப் பிறகுதான் லெசியேலி வாசலைத் தாண்டினாள். தார்ப்பாயைப் பிடுங்கி எறிந்தாள், கோட்டை எறிந்தாள், சட்டையைப் பொத்தானோடு கிழித்தாள். ஆண்கள் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சின்ன வயதில் இடுப்பில் தூக்கிச் சுமந்த அந்த உடம்பை இத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம்போல் சுட்டது. மார்பில், அக்குளில், கழுத்தில் ஐஸை வைத்து அழுத்தினாள். "தம்பி, தம்பி," என்று நேருக்கு நேராகக் கூப்பிட்டாள். அவன் கேட்கிற நிலையில் இல்லை.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் உயிர் போயிற்று. கிழிந்த சட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். சட்டைப் பாக்கெட்டிலிருந்து டப்பாவின் பேட்டரி விழுந்தது. காலையில் யாருக்கும் தெரியாமல் கழற்றி வைத்துக்கொண்டிருக்கிறான். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு லெசியேலி அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் கிளென் தெளிவாகச் சொன்னான். "முதலுதவி நல்லாத்தான் நடந்துட்டிருந்தது. நடுவுல இவங்க பண்பாடு வந்துருச்சு. அதுல நாங்க எப்படித் தலையிட முடியும்?" சிரித்துக் கேலி செய்த பண்பாடு இப்போது அவனுக்கே குடையாகிவிட்டது. அதில் பாதி உண்மையும் இருந்தது. அந்தப் பாதிதான் லெசியேலியைத் தூங்கவிடவில்லை.

உடலை ஊருக்கு அனுப்புமுன் சர்ச் கூடத்தில் வைத்தார்கள். பெட்டி திறந்திருந்தது. சின்னக் கூடம், கருப்பு உடுத்திய பெரிய கூட்டம், சாத்திய சன்னல்கள். கிளென் கோட்டு மாட்டி, மலர்வளையத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். வழக்கப்படி பெண்கள் மரப்பட்டைத் துணிகளையும் நேர்த்தியான பாய்களையும் சுமந்து வந்தார்கள். இறந்தவன் பெரிய ஆள் என்றால் அடுக்கடுக்காகப் போர்த்த வேண்டும். அதுதான் அவனுக்கு மரியாதை.

லெசியேலி எழுந்தாள். பெட்டியின் தலைமாட்டில் டப்பாவை வைத்து, பேட்டரியைப் போட்டாள். கூடத்தின் வெக்கையில் டப்பா உடனே கத்தத் தொடங்கியது. பாதிரியார் ஜெபத்தை நிறுத்தினார். துணி சுமந்த பெண்கள் அப்படியே நின்றார்கள்.

"போர்த்தாதீங்க," என்றாள் லெசியேலி. துக்க வீட்டில் அக்காவின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. "ஒண்ணும் போர்த்தாதீங்க. தம்பிக்குப் புழுங்குது. என் கண்ணு கூசக்கூடாதுன்னு அவனை மூடினீங்க. மூடினதைப் பாத்துக்கிட்டு நானும் வாசல்ல நின்னேன். இனிமே மூட வேணாம். நாளைக்கு இந்த டப்பா கூடாரத்துல தொங்கும். கத்துச்சுன்னா எல்லாரும் வெளிய வாங்க. முன்வரிசையில உக்காந்திருக்கற இவரு வந்து நிறுத்தச் சொன்னா, என்கிட்ட நேரா பேசச் சொல்லுங்க."

பெண்கள் பாய்களைச் சுருட்டித் தரையில் வைத்தார்கள். ஒருவர் எழுந்து சன்னல்களைத் திறந்தார். டப்பா விடாமல் கத்தியது.

எங்கள் மொழி தெரியாத கிளென் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பினான். "என்ன சொல்றாங்க அவங்க?" என்று விக்காவிடம் கேட்டான்.

விக்கா எழுந்து நின்றாள். அவன் முகத்தைப் பார்த்து, அண்ணி சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள்.