வாயை மூடும் பயிற்சி

கால் நூற்றாண்டாகப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்திய மனிதருக்கு, இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரியவில்லை. விஷயம் அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வரவில்லை. அந்த இரண்டு நிமிடத்தில்தான் அவருடைய வேலையே தொங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'கோடிட்ட இடம்'. கேள்வித்தாளில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று வருமே, அதுதான். பதில் சொல்ல எழுந்த பிள்ளை ஒரு வினாடி திணறினால் போதும், மீதியைச் சாரே சொல்லி முடித்து, 'வெரி குட், உட்கார்' என்பார். பதில் யாருடையது, வெரி குட் யாருக்கு என்று பின் பெஞ்சில் ஒரே சிரிப்பாக இருக்கும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவர் வகுப்பில் எந்தப் பிள்ளையும் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றதில்லை. அவர் மனசு அப்படி. யாராவது தடுமாறினால் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது.

பள்ளியில் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கி ஆளைக் குறைத்தபோது அவர் வெளியே வந்தார். வெளிநாட்டில் படிக்கவும் வேலை பார்க்கவும் ஓர் ஆங்கிலத் தேர்வு எழுதியாக வேண்டும் அல்லவா, அதற்குப் பயிற்சி கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் புதிய ஆசிரியர்களைத் தேடினார்கள். போய்ச் சேர்ந்தார். உடனே வகுப்பைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் ஆசிரியர்களுக்கே ஒரு மாதம் பயிற்சி, கடைசியில் மாதிரி வகுப்பு ஒன்று. அதில் தேறினால் வேலை. தவறினால் இன்னொரு முறை. அதிலும் தவறினால், போய் வாருங்கள் ஐயா.

வாசிப்பு, எழுத்து, கேட்டுப் புரிந்துகொள்வது எல்லாவற்றிலும் அவர் புலி. பேச்சுப் பகுதியில்தான் வண்டி குடை சாய்ந்தது. அதில் தேர்வு எழுதுபவர் கையில் ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். அதில் இருக்கும் தலைப்பில் அவர் இரண்டு நிமிடம் பேச வேண்டும். எதிரே இருக்கும் தேர்வாளர் அந்த இரண்டு நிமிடமும் பேசக்கூடாது, தலையாட்டக்கூடாது, சிரிக்கக்கூடாது, புருவத்தைக்கூட உயர்த்தக்கூடாது. நேரம் முடிந்ததும், பேசுபவர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும், 'தேங்க் யூ' என்று வெட்டிவிட வேண்டும். பயிற்சி வகுப்பு நடத்தும் ஆசிரியரும் அதே கல்முகத்தோடு எதிரே உட்கார்ந்து மாணவர்களைப் பழக்க வேண்டும்.

பயிற்சியாளர் அவருடைய வயதில் பாதிகூட இருக்க மாட்டார். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும்.

"பரீட்சை ரூம்ல யாரும் வார்த்தை எடுத்துக் குடுக்க மாட்டாங்க சார்," என்று அந்தப் பெண் முதல் நாளே சொன்னார். "நீங்க இங்க குடுத்துப் பழக்கிட்டீங்கன்னா, அங்க போயி முழிச்சிட்டு உங்க முகத்தைத் தேடுவாங்க."

சரி சரி என்று தலையாட்டினார். ஆனால் முதல் மாதிரி வகுப்பில் நடந்தது என்ன? மாணவராக வந்தவர் ஒரு தச்சர். 'நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு பொருள்' என்பது தலைப்பு. மனிதர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். "நான் தினமும் கையில் எடுப்பது…" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, வார்த்தை வராமல் கையைக் காற்றில் ஆட்டினார். சாருக்குப் பொறுக்கவில்லை. "உளி!" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். தச்சர் நன்றியோடு தலையை ஆட்டி, மீதி நேரம் முழுக்க உளியைப் பற்றியே பேசினார். வெளியே வந்தபிறகு சாவகாசமாகச் சொன்னார், "நான் சுத்தியலைத்தான் சொல்ல வந்தேன் சார். நீங்க சொல்லிட்டீங்களேன்னு விட்டுட்டேன்."

கூடப் பயிற்சி பெற்ற சிரிப்பு டீச்சர், அதாவது கல்முகம் வைக்கச் சொன்னாலே களுக்கென்று சிரித்துவிடும் அந்த அம்மா, அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அவருமே தேறிவிட்டார். சார் மட்டும் மிச்சம்.

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"வாயை மூடுறதுக்கு ட்ரெயினிங்கா? இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா கல்யாணமான மறுநாளே உங்களைக் கொண்டுபோய்ச் சேத்திருப்பேனே!"

"உனக்கு எல்லாமே விளையாட்டுதான்."

"விளையாட்டு இல்லைங்க. சனிக்கிழமை மறுபடி போகணும்ல? நம்ம பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. அவளுக்கும் பழகின மாதிரி இருக்கும்."

மகள் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலை. வெளிநாடு போவதற்காக அதே தேர்வை இரண்டு தடவை எழுதிவிட்டாள். மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க், பேச்சில் மட்டும் இரண்டு தடவையும் அடி. வாத்தியார் பெண்ணுக்கு இங்கிலீஷ் பேச வரவில்லையா என்று சொந்தக்காரர்கள் கேட்டது சாருக்கு உள்ளே முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவைக்குத் தானே சொல்லிக் கொடுத்து அவளை விமானம் ஏற்றிவிடுவது என்று ஒரே பிடியாக இருந்தார்.

அன்று இரவு சாப்பிடும்போதும் வழக்கம்போலத்தான்.

"இன்னைக்கு வார்டுல ஒரு…" என்று மகள் ஆரம்பித்தாள்.

"கூட்டமா?"

"ம்."

"இந்த ஊர்ல என்ன இருக்கு? அங்க போயிட்டா இந்தக் கஷ்டமெல்லாம் இல்ல. சனிக்கிழமை வர்றியா, எனக்கு மாணவியா உக்காரணும்."

"வரேன்ப்பா," என்றாள் மகள். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள், "அந்த ரெண்டு நிமிஷமும் நீங்க நெஜமாவே பேசக்கூடாதா?"

"மூச்சு விடக்கூடாது!" என்றார் பெருமையாக.

மனைவி மகளைப் பார்த்தார். மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சனிக்கிழமை காலை அந்த அறையில் ஏ.சி. தேவைக்கு மேல் குளிர்ந்தது. வெள்ளைப் பலகையில் முந்தின வகுப்பின் எழுத்து சரியாக அழியாமல் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. நடுவில் ஒரு மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். பின்னால் பயிற்சியாளரும், வேடிக்கை பார்க்க வந்த சிரிப்பு டீச்சரும், இன்னும் இரண்டு மூன்று ஆசிரியர்களும் எழுதும் பலகை வைத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சியாளர் கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்ச்சைக் கழற்றி சாரிடம் கொடுத்தார்.

"இது கடைசி சான்ஸ் சார். ரெண்டே விஷயம். நடுவுல பேசாதீங்க. நேரமானா நிறுத்துங்க."

"இன்னைக்குப் பாருங்க மேடம்," என்றார் சார்.

அட்டைக் கட்டிலிருந்து மகளே ஒன்றை உருவினாள். 'உங்கள் வாழ்க்கையின் முக்கியமான ஒரு முடிவு' என்று இருந்தது. அதை ஒரு தடவை படித்தாள், இன்னொரு தடவை படித்தாள். சார் பொத்தானை அமுக்கினார். அவள் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். தங்குதடையில்லாத நல்ல இங்கிலீஷ்.

"பள்ளிப் படிப்பு முடிந்ததும் அப்பா என்னைக் கல்லூரிக்கு அழைத்துப் போனார். வெயில் காலம். வரிசை தெருவரைக்கும் இருந்தது. எங்கள் முறை வந்தபோது மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் நிமிர்ந்து, 'என்னம்மா வேணும்?' என்று கேட்டார். நான், 'எனக்கு…' என்றேன்."

அங்கே நிறுத்திவிட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

சாருக்கு அந்த இடம் நன்றாக ஞாபகம் இருந்தது. நர்சிங்! அன்றைக்கு அவர்தானே சொன்னார், சொல்லி அவர்தானே அவள் வாழ்க்கைக்கு வழி காட்டினார்! வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் யாரோ நாற்காலியில் நெளிகிற சத்தம் கேட்டது. ஐயோ, பிள்ளை திணறுகிறாளே என்று தவித்தார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"'எனக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்' என்று சொல்ல வந்தேன்," என்றாள் மகள். "தாகத்தில் எனக்குத் தலை சுற்றியது. அதற்குள் அப்பா, 'நர்சிங்' என்று சொல்லிவிட்டார். மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவரும் அப்படியே எழுதிக்கொண்டார்."

அறை கொல்லென்று சிரித்தது. சிரிப்பு டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சாரால் சிரிக்கவும் முடியாது, முறைக்கவும் முடியாது. கல்முகத்தோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே மட்டும் தச்சரின் குரல் கேட்டது. நீங்க சொல்லிட்டீங்களேன்னு விட்டுட்டேன்.

மகள் சிரிக்காமல் தொடர்ந்தாள். "நர்சிங் எனக்குப் பிடித்துப்போனது. அது என் அதிர்ஷ்டம். பிறகு ஒருநாள் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். 'அடுத்து என்ன பண்ணப்போறே?' என்று கேட்டார். நான், 'அடுத்து…' என்றேன். அப்பா, 'வெளிநாடு' என்றார். அன்றிலிருந்து நான் இந்தத் தேர்வை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தடவையும் தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். 'ஏன் வெளிநாட்டுக்குப் போக ஆசைப்படுகிறீர்கள்?' எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. உண்மையில் நான்…"

ஸ்டாப்வாட்ச் பீப் பீப் என்று கத்தியது.

இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டார். இனி 'தேங்க் யூ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை அவருக்கு. பின்னால் பயிற்சியாளர் பேனாவோடு காத்திருந்தார். மகள் பழக்கதோஷத்தில் பாதி வாக்கியத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு இது புதிதா என்ன? அவளுடைய வாக்கியங்கள் எல்லாமே இப்படித்தானே நின்றிருக்கின்றன.

சார் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கி நிறுத்தினார். மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"சொல்லும்மா," என்றார் தமிழில்.

ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. மகளின் உதடு இரண்டு தடவை அசைந்து நின்றது. அவர் கைகளை மடியில் கோர்த்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு இங்கேயே இருக்கணும்ப்பா," என்றாள் அவளும் தமிழில். "என் வார்டுலயே. ஊசி போடுறதுக்கு முன்னாடி நான் பேச்சுக் குடுத்தா அந்தக் குழந்தைங்க அழாதுங்க. டாக்டருங்களே என்னைத்தான் கூப்புடுறாங்க. இதைச் சொல்லணும்னு எத்தனையோ தடவை ஆரம்பிச்சேன். ஒவ்வொரு தடவையும் நீங்க முடிச்சிட்டீங்க."

சிரிப்பு டீச்சர் இப்போது சிரிக்கவில்லை. சாருக்கு வெட்கமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது. ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. எந்த முகத்தோடு கேட்பது? இருபது வருஷத்துக்கு மேலாகத் தன் வீட்டிலேயே ஒரு பிள்ளையை முழிக்கவிடாமல் பார்த்துக்கொண்டதாக அவர் நினைத்திருந்தார். அவளைப் பேசவிடாமல்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சரிம்மா," என்றார்.

பயிற்சியாளர் எழுந்து வந்து ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"பேசாம இருந்ததுக்கு நூத்துக்கு நூறு சார். நேரத்துக்கு முட்டை," என்றார். "நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தல. நான் பாஸ் போட முடியாது."

"போடாதீங்க மேடம். தப்புதான்."

"வாய்ப்பு ரெண்டு தடவைதான்னு ரூல். நான் மேல பேசிப் பாக்குறேன். நடக்கும்னு சொல்லல."

"பரவாயில்லைங்க," என்றார் சார். பரவாயில்லை என்று வாய் சொன்னதே தவிர, அந்த வேலை அவருக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலையில் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. அந்தக் கவலையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் அறையை விட்டு வெளியே வந்தார்.

படியில் இறங்கும்போது மகள் நின்றாள்.

"அப்பா, எனக்கு…"

அவர் ஒரு படி கீழே நின்று திரும்பிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தண்ணி வேணும்ப்பா."

அவருக்கும் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. இரண்டையும் மறைக்க அவசரமாகப் படி இறங்கினார்.

வாசலில் காவலாளி உட்கார்ந்திருந்தார். அவர் மேஜைமேல் ஒரு மண்பானையும் கவிழ்த்து வைத்த டம்ளரும் இருந்தன. மகள் கேட்டு வாங்கிக் குடித்தாள். இந்த ஒரு மாதமாகத் தினமும் காலையில் சார் அந்தக் காவலாளியிடம் பெண் வெளிநாடு போகப்போகிற கதையைச் சொல்லாமல் மாடி ஏறியதில்லை. மனிதர் ஆசையாகக் கேட்டார்.

"இவங்கதான் உங்க பொண்ணா சார்? எப்ப கெளம்புறாங்க?"

சார் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"அவளையே கேளுங்க," என்றார்.

மகள் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாள். காவலாளி சாரைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடி சாரைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. டம்ளர் காலியாகும்வரை குடித்து, அதைப் பானைமேல் கவிழ்த்து வைத்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவள் பேச ஆரம்பிக்கும்வரை சார் அவள் பக்கத்தில் அப்படியே நின்றார்.