முத்திருளன் கட்டிய காப்பு

சிம்மக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருந்த முத்திருளனுக்கு ஊசியைத் தவிர வேறெதற்கும் பயம் கிடையாது. லாரிக்காரர்களை ஒரே அதட்டில் அடக்குகிற மனிதர், கம்பவுண்டரைக் கண்டால் மட்டும் அடுத்த தெருவழியாகப் போவார். அப்படிப்பட்டவரிடம்தான் டாக்டர் ஞானமுத்து சொல்லிவிட்டார்: "சர்க்கரை ஏறிக் கெடக்கு. காலையில நடங்க, வாயைக் கட்டுங்க. பங்குனி முடியிறதுக்குள்ள குறையலைன்னா தினமும் ஊசிதான்."

மறுநாளே வீடிருந்த கோச்சடையிலிருந்து வைகைக் கரையோரமாக, வேட்டியும் புது கான்வாஸ் ஷூவுமாக நடக்கத் தொடங்கினார். நடையில் குறையில்லை. வழியில் இருந்தவர்கள்தான் மோசம், அதாவது ரொம்ப நல்லவர்கள். டீக்கடை மொக்கைச்சாமி, "மாப்ள, நம்ம கடையைத் தாண்டிச் சும்மா போனா எனக்கு என்ன மரியாதை?" என்று சர்க்கரை தூக்கலாக ஒரு டீயை நீட்டுவார். பருத்திப்பால் வண்டிக்காரர் மாமன் முறை. மறுத்தால் உறவு கெடும். இட்லிக்கடை சோணையம்மாளோ, "வெறும் வயித்துல நடந்தா கிறுகிறுன்னு வரும்ண்ணே" என்று இனிப்புப் பணியாரத்தை இலையில் வைத்துவிடுவாள். அன்போடு கொடுப்பதை வேண்டாமென்று சொல்ல முத்திருளனுக்கு நாக்கு வரவில்லை. நடக்க நடக்கச் சட்டைதான் இறுகியது.

"நான் போடுற கேப்பக்களியில இம்புட்டு ஒடம்பு ஏறுமா?" என்று மனைவி அன்னக்கொடி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

யோசித்து யோசித்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சாமியறையிலிருந்து மஞ்சள் கயிறு எடுத்து, ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து, விரதக் காப்புப்போல மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். விரதக்காரனுக்கு எவன் டீ கொடுப்பான்? நினைத்தது நடந்தது. மொக்கைச்சாமி நீட்டிய கிளாஸைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கும்பிடு போட்டார். சோணையம்மாள் விபூதி கேட்டாள். முத்திருளன் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு நடந்தார்.

அந்த வாரமே கோயில் கமிட்டிக் கருத்தக்கண்ணன் வீட்டுக்கு வந்தான். "சித்தப்பா, பூக்குழி எறங்குறீகளாம்ல. மைக்குல ஒங்க பேரைச் சொல்லியாச்சு."

முத்திருளன் மணிக்கட்டைப் பார்த்தார். பங்குனியில் அந்த ஊரில் காப்புக் கட்டினால் அது மாரியம்மன் கோயில் பூக்குழியில் தீ மிதிக்கத்தான். டாக்டர் பங்குனி என்றபோது அவருக்கு ஊசி மட்டும்தான் கண்ணில் தெரிந்தது, திருவிழா தெரியவில்லை.

அவன் போனதும், "அவுத்துரட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கட்டுன காப்பை நடுவுல அவுத்தா ஆத்தா சும்மா விடுவாளா?" என்றாள் அன்னக்கொடி. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு நடந்தது நிஜ விரதம். விடியுமுன் குளியல், ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை, கோயிலுக்குப் போக வர நடை. பயத்தில் அந்த ஒருவேளையும் சரியாக இறங்கவில்லை. பொய்க்காப்புக் கட்டியதை நினைத்தால் வெட்கம் வேறு பிடுங்கித் தின்றது.

பூக்குழி அன்று கொட்டுச் சத்தத்தில் அவர் முனகியது யாருக்கும் கேட்கவில்லை. "ஆத்தா, டீக்குப் பயந்து கட்டுனது. பொறுத்துக்கிரு." சொல்லிவிட்டு இறங்கினார். மற்றவர்கள் நடந்தார்கள், இவர் ஓடினார். கரையேறியவரைக் கட்டிக்கொண்டு மொக்கைச்சாமி அழுதே விட்டார்.

மறுவாரம் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "நல்லாக் கொறைஞ்சிருக்கு. தினசரி ஊசி வேண்டாம்" என்றார். முத்திருளன் நெஞ்சை நிமிர்த்தினார். அப்போதுதான் டாக்டரின் கண் இவர் குதிகாலில் இருந்த சின்னக் கொப்புளத்தில் விழுந்தது.

"சர்க்கரை ஒடம்பு, இதை இப்படியே விடக்கூடாது. ஒரே ஒரு ஊசி."

நெருப்பில் அழைக்காத சாமிகளையெல்லாம் அழைத்து, கூட வந்திருந்த அன்னக்கொடியின் கையை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"முடிஞ்சிருச்சு" என்றார் டாக்டர்.

முத்திருளன் கண்ணைத் திறந்தார். கையைத் தடவிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுக்குத்தான் நெருப்புல எறங்குனீக" என்றாள் அன்னக்கொடி.