நேரில் வந்து வாசித்தவர்

எங்கள் கல்லூரி ஆங்கிலத் துறை நடத்தியது பன்னாட்டுக் கருத்தரங்கு. பன்னாடு என்பது யாழ்ப்பாணத்திலிருந்து ஜூமில் வந்த ஒருவர். வணக்கம் சொன்னதும் நெட் போய்விட்டது. திறந்த வாயோடு மதியம் வரை திரையில் இருந்தார். யாரும் அணைக்கவில்லை. அணைத்தால் கருத்தரங்கு உள்ளூராகிவிடும்.

தலைப்பு, ஆங்கிலம் கற்பித்தலும் மொழிபெயர்ப்பும். ஒரு பனியன் கம்பெனி முதலாளி குத்துவிளக்கு ஏற்றினார். ஏற்றுமதியில் ரிஜெக்ட் ஆன டீ-ஷர்ட்டை எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு வந்ததில் ஒரு கை மட்டும் நீளம்.

நான் போனது என் மனைவி அனுப்பிரியாவின் கட்டுரைக்காக. அவளும் இதே துறையில்தான் வேலை பார்த்தாள். ஐப்பசியில் டெங்குவில் இறந்தாள். அதற்கு முன்பே கட்டுரையை முடித்திருந்தாள். அவள் எழுதியதில் அச்சுக்குப் போகக்கூடியது அது ஒன்றுதான்.

முதலிபாளையத்தில் ஒரு தையல் யூனிட்டில் உட்கார்ந்து கேட்டு எழுதியது. டென்மார்க்கிலிருந்து, துணி வாங்கும் பையரின் மெயில் ஆங்கிலத்தில் வரும். ஆபீசில் அதைத் தமிழில் சொல்வார்கள். சூப்பர்வைசர் அதை ஒடிசாப் பெண்களிடம் இந்தியில் சொல்வார். 'பிளீஸ்' வழியிலேயே உதிர்ந்துவிடும். ஆனால் சீக்கிரம் செய் என்பதற்கு சூப்பர்வைசர் 'ஜல்தி கரோங்க' என்பாராம். போன மரியாதை, இந்தியில் ஒட்டிய அந்தத் தமிழ் 'ங்க'வில் திரும்பி வந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். வகுப்பில் தமிழ் பேசினால் எழுந்து நிற்கவைக்கும் நமக்கு இது எப்போது தெரியப்போகிறது என்று முடித்திருந்தாள்.

போன வாரம் துறைத்தலைவர் மகுடேஸ்வரன் கூப்பிட்டார்.

"இறந்தவங்க பேருல போட முடியாதுங்க தம்பி. ரூல் அப்படி. நேர்ல வந்து வாசிக்கோணும். உங்க பேரப் போட்டுக்குங்க. கைடுன்னு என் பேரும் இருக்கட்டும். உங்க புரமோஷனுக்கும் ஆச்சுங்கல்ல?"

"அவளுக்கு நீங்க கைடு இல்லீங்களே சார்."

"துறைக்குத் தலைவர்னா எல்லாத்துக்கும் கைடுதானுங்க."

அவள் பேர் மட்டும்தான் வரவேண்டும் என்றேன். "பாக்கலாங்க" என்றார். எங்கள் பக்கம் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

மேடையில் பளபளப்புத் தாளைப் பிரித்துக் கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டார்கள். வாங்கிப் புரட்டினேன். அவள் கட்டுரை இருந்தது. அதன் கீழே மகுடேஸ்வரன், சரவணக்குமார் என்று இருந்தது. இரண்டாவது பேர் என்னுடையது.

வாசிக்க என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் எழவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் மிச்சமானதில் எல்லோருக்கும் சந்தோஷம்.

சாப்பாட்டு நேரத்தில் சான்றிதழ் மேசையில் கூட்டம். பல்லடத்துப் பேராசிரியர் ஆத்தப்பன் ஒரு கட்டாக வாங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க காலேஜ்ல எட்டுப் பேருங்க. டூவீலர் ஒன்னுதான் இருந்துச்சு, அதான் நான் மட்டும் வந்தேன்."

"எட்டுப் பேரும் நல்லா வாசிச்சாங்களா சார்?"

"பிரமாதமா வாசிச்சாங்க. மைக்குதான் கொஞ்சம் சரியில்லீங்க."

மேசையில் இருந்த தரணி எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்தவர். அவர் முன்னால் பேர் எழுதாத சான்றிதழ்கள் அடுக்கி இருந்தன. எல்லாவற்றிலும் மகுடேஸ்வரன் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தியிருந்தார். கருத்தரங்குப் பக்கமே வராத பனியன் கம்பெனி முதலாளியின் மருமகளுக்கு மட்டும் ஒன்றில் பேர் எழுதித் தனியாக வைத்திருந்தது.

"ஒன்னு குடுங்க."

"யாருக்குங்க சார்?"

"வராதவங்களுக்கு."

அதற்குமேல் கேட்காமல் கொடுத்தார். அனுப்பிரியா என்று எழுதினேன். இன்னார் இன்று நேரில் வந்து கட்டுரை வாசித்தார் என நான் சான்றளிக்கிறேன் என்று கீழே ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது.

மகுடேஸ்வரன் பனியன் கம்பெனி முதலாளிக்குப் பக்கத்தில் நின்று பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன்.

"ரூல் சரியாயிருச்சுங்க சார். நேர்ல வந்து வாசிச்சிருக்கா. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

படித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "இது பொய்யில்லீங்களா தம்பி?"

"அப்ப இவர் மருமகளோட சர்டிபிகேட்?" என்று மெதுவாகக் கேட்டேன். "அவங்க பெருமாநல்லூர்ல ஊட்லதான இருக்காங்க. அதுவும் பொய்தானுங்க. சத்தமாச் சொல்லட்டுங்களா?"

முதலாளி திரும்பினார். "ஏனுங்க, என்னமோ பிரச்சனையாட்ட இருக்குது?"

"ஒன்னுமில்லீங்க. சின்ன பிரிண்டிங் கரெக்ஷனுங்க" என்றார் மகுடேஸ்வரன்.

வெளியீட்டுக்கென்று நாலு பிரதிதான் அடித்திருந்தார்கள். எங்கும் வழக்கம் அதுதான். மீதி அச்சகத்தில் காத்திருந்தது. அவர் ஒதுங்கிப் போய் போன் போட்டார். நான் கூடவே போய் நின்றேன்.

"அந்த மொழிபெயர்ப்புக் கட்டுரைங்க. ஆமா. இருக்கற ரெண்டு பேரையும் எடுத்துருங்க. அனுப்பிரியான்னு போடுங்க. அவங்க மட்டுந்தான்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "பேருக்கு முன்னாடி 'லேட்'னு போட்டுரலாங்களா?"

"வேண்டாங்க சார். இன்னிக்குத்தான வந்து வாசிச்சுட்டுப் போயிருக்கா."