இருநூற்று நாற்பது காசின் ஆழம்

தரைக்குள் இறங்கிப்போன அப்பாவைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்குக் கருவிக்கடைக்காரர் சொன்ன விலை நாற்பத்திரண்டாயிரம். மூத்த மகள் பதினெட்டில் ஆரம்பித்தாள். பெற்ற தகப்பனுக்கு இவ்வளவு குறைத்துக் கேட்கலாமா என்று கடைக்காரர் நினைத்திருக்கலாம். ஆனால் அவர் அப்பாவைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், பன்னிரண்டில் ஆரம்பிக்காததற்கே அந்த மனிதர் மகளை ஒரு வாரம் ஏசியிருப்பார் என்பது தெரிந்திருக்கும்.

அப்பா பொத்தான் மொத்த வியாபாரி. முத்துப் பொத்தான், பித்தளைப் பொத்தான், கொக்கி, ஊக்கு எல்லாம் பன்னிரண்டு டஜன் கொண்ட குரோசு கணக்கில் வாங்கி டஜன் கணக்கில் விற்றவர். தெரியாதவன் கையில் காசைக் கொடுத்துவிட்டு அதைத் திரும்பக் கேட்க அவனிடமே வரிசையில் நிற்பதா என்று வங்கிப் பக்கம் போகாதவர். மிச்சம் பிடித்ததையெல்லாம் வெள்ளிக்காசாக மாற்றி, கித்தான் துணியில் தைத்த இடுப்புவாரில் வைத்துக் கட்டிக்கொண்டார். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். காசு இருநூற்று நாற்பது ஆன வாரத்தில், சரக்கு எண்ணிக்கொண்டு நின்ற இடத்தில் அவருடைய செருப்புகள் கல்தரைக்குள் ஒரு விரற்கடை இறங்கின, பிசைந்த மாவில் கட்டைவிரல் இறங்குவதைப் போல. அன்று அந்தத் தெருவில் யாரும் பேரம் பேசவில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொத்தனார் வந்து தரையைத் தட்டிப் பார்த்து, கல் கல்லாகத்தான் இருக்கிறது என்றார். தராசில் அதே எண்ணிக்கை வெள்ளிக்காசை நிறுத்ததில் மூன்று கிலோவுக்கும் குறைவு; தரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. வைத்தியர் வாரைக் கழற்றச் சொன்னார்.

"கழட்டினா யாரு பாத்துக்கறது?" என்றார் அப்பா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு மாதம் ஒரு விரற்கடை. முழங்கால் வரை இறங்கியபோது வாடிக்கையாளர்கள் குனிந்து பேசப் பழகினார்கள். இடுப்பு வரை இறங்கியபோது அடித்தட்டு அலமாரி கண்ணுக்கு நேராக வந்து, காணாமல்போன பதினோரு குரோசு பொத்தானைக் கண்டெடுத்தார்; அந்த வருஷம் நல்ல லாபம். மார்பு மறைந்தபோது மேஜையின் காலை அறுத்துப் பாதியாக்கினார்கள். கழுத்து வரை போனபோது சவரம் செய்பவர் குப்புறப் படுத்துச் சவரம் செய்தார், அதற்குக் கூலியும் கூட்டிக் கேட்டார். ஏழாம் வருஷக் கடைசியில் தலையும் போய், தூக்கிப் பிடித்த வலது கை மட்டும் மிச்சமிருந்தது.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாங்க வந்தவர் காதில் விழாமல் இருக்க, அந்தக் குடும்பம் கடைசி விலையை வாயால் சொல்லாது; மேஜைக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துச் சொல்லும். எத்தனை விரலோ அத்தனை. மணிக்கட்டைப் பிடித்தால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். தரைக்குமேல் நீண்டிருந்த அந்தக் கை, பிடிக்க ஒரு மணிக்கட்டைத் தேடிக்கொண்டே போனது. அதிர்ந்து நின்ற நேரத்தில் யாருக்கும் கையைக் கொடுக்கத் தோன்றவில்லை. மூத்தவள் அதை மறக்கவில்லை.

கீழே போனவர் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. வியாபாரிகள் வீட்டில் ஒரு செலவு குறைந்தால் ஏன் என்று கேட்கிற வழக்கமில்லை. ஆனால் உயிரோடு இருந்தார். கடையில் எதையாவது விலை குறைத்து விற்றால் தரைக்கு அடியிலிருந்து மூன்று முறை தட்டுகிற சத்தம் கேட்கும். முதல் வருஷம் கல்லாவில் இருப்பவரைத் தூக்கிவாரிப் போட வைத்த தட்டு, இரண்டாம் வருஷம் கதவைத் தட்டுவதுபோல் ஆனது. நாலாம் வருஷம் தரையில் டம்ளரைக் கவிழ்த்துக் காதை வைத்தால்தான் கேட்டது. தம்பி ஒருமுறை, இறங்கிய இடத்திலேயே பத்தடி தோண்டிப் பார்த்து ஒரு செருப்பை எடுத்தான். அப்பா நேராகப் போயிருக்கவில்லை. நேராகப் போகும் பழக்கம் அவருக்கு எதிலும் இருந்ததில்லை. தோண்டிய செலவைப் பார்த்த தம்பி கட்டடத்தையே விற்றுவிடலாம் என்று ஆரம்பித்தான். வாங்க வந்தவர் கீழே ஆள் இருக்கும் கட்டடம் என்று பத்து சதவீதம் குறைத்துக் கேட்டார். அன்றைக்குத் தரை தட்டவேயில்லை. டம்ளரிலிருந்து காதை எடுத்த மூத்தவளின் முகம் வெளிறிப் போயிருந்தது. மறுநாள் காலையில் அவள், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தம் போடும் கருவிகளை விற்கும் அந்தக் கடையில் இருந்தாள்.

"மேடம், மொதல்ல ஒண்ணு சொல்லுங்க," என்றார் கடைக்காரர். "தேடறது ஒத்தக் காசா, மொத்தமா கெடக்கற காசா?"

"ஏன், மொத்தம்னா வெல கொறையுமா?"

"ஆழம் மாறும். அட்டையில எட்டடின்னு போட்டிருப்பான். அது பெட்டி சைஸ் பொருளுக்கு. இடுப்புவார் சைஸ்னா ஆறடி. காசு செதறிக் கெடந்தா ஒரு சாண், மிஞ்சிப்போனா ஒண்ணரை. அப்புறம் எந்த மிஷினும் கைய விரிச்சிடும்."

இரண்டு கருவிகளை மேஜைமேல் வைத்தார். சின்ன வட்டு வைத்தது இரும்புக்கு ஒரு சத்தம், வெள்ளிக்கு ஒரு சத்தம் என்று பிரித்துச் சொல்லும். ஆனால் ஒன்றரைச் சாணுக்குக் கீழே அதற்குக் காது கேட்காது. பெரிய வட்டு வைத்தது ஆறடிக்குக் கேட்கும். ஆனால் கேட்டது ஆணியா காசா என்று அதற்குத் தெரியாது.

"ஒண்ணுக்கு அறிவிருக்கு, ஆழமில்ல. இன்னொண்ணுக்கு ஆழமிருக்கு, அறிவில்ல," என்றாள் மூத்தவள். "எனக்குப் பாத்த மாப்பிள்ளைங்களும் இப்பிடித்தான் இருந்தாங்க. ரெண்டுமே வேணாம்னுட்டேன்."

"மாப்பிள்ளைக்கு வாரண்டி கெடையாது மேடம். இதுக்கு ஒரு வருஷம் இருக்கு."

அவள் மனக்கணக்குப் போட்டாள். நாலு வருஷம், நாற்பத்தெட்டு விரற்கடை; விரற்கடைக்கு முக்கால் அங்குலம். தலை மூன்றடியில் இருக்கும், இடுப்பு ஐந்தரையில். இன்னும் எட்டு மாதம் போனால் ஆறடியைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு அப்பாவுக்கும் மேலே இருப்பவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. வார் பிரிந்து காசு சிதறியிருக்குமோ என்று ஒரு கணம் பயம் வந்தது. அம்மா இரட்டை நூல் போட்டுத் தைத்தது நினைவுக்கு வந்தது, பயம் போனது. ஆழத்தையே எடுத்துக்கொண்டாள், இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறுக்கு. அறிவுக்குப் பதிலாகத் தன் உழைப்பைப் போடுவதாகத் திட்டம். நாற்பது வருஷமாகக் கடையில் சிந்திய பித்தளையும் இரும்பும் தரை இடுக்கெல்லாம் கிடந்ததால், பலகைக்கற்களைப் பெயர்த்து, இரண்டு சாண் மண்ணைச் சல்லடையில் சலித்து, மூன்று மூட்டை பொத்தான் எடுத்தாள். துருப்பிடிக்காதவற்றைத் துடைத்து விற்றும்விட்டாள்.

பிறகு கருவியை முடுக்கினாள். அது அலறியது. கடையில் அலறியது, பின்கட்டில் அலறியது, தெருவில் அலறியது, மாடியில் அம்மாவின் கட்டிலுக்கு மேலே பிடித்தபோதும் அலறியது.

"உன்னையே ஒருத்தன் ஏமாத்திட்டானா?" என்றான் தம்பி. அவன் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே திகைத்துப்போய்க் கேட்டான். அப்பா பூமிக்குள் போனதைத் தாங்கிக்கொண்ட குடும்பத்துக்கு, அவள் ஏமாந்ததைத் தாங்க முடியவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கருவிக்கடைக்காரர் அதை வாங்கித் தன் கையில் பிடித்தார். பேசாமல் இருந்தது. அவள் கையில் கொடுத்தார். அலறியது.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்க மேல ஏதாச்சும்..."

"ஒண்ணுமில்ல."

"இடுப்புல..."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

வியாபாரி வியாபாரியிடம் அதற்குமேல் கேட்பதில்லை. வேறொன்று மாற்றிக் கொடுத்தார். அதுவும் அலறியது. வரவழைக்கச் சொல்லிக் காத்திருந்து வாங்கியதும் அலறியது. நாலு கருவி மாறி, ஐந்து மாதம் ஓடிப்போனது. அப்பா ஐந்து விரற்கடை இறங்கினார், மிச்சம் மூன்று. நாலாவதைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று கடைக்காரர் கருவியைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார். பார்த்தவர் கையிலிருந்த தேநீர் கீழே கொட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"மடியில கனம் இருந்தா வழியிலதான் பயம்னு சொல்வாங்க," என்றார் மெதுவாக. "மேடம், கொஞ்சம் கீழ பாருங்க."

அவளுடைய செருப்புகள் ஓட்டுத்தரைக்குள் பாதி இறங்கியிருந்தன. காலை இழுத்தபோது புட்டியிலிருந்து தக்கையைப் பிடுங்கிய சத்தம் வந்தது. தரையில் இரண்டு பாதம் அச்சாக நின்றது. கொஞ்ச நாளாகத் தன் கடை மேஜை உயர்ந்துகொண்டே போகிறது என்று தச்சரை அவள் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தாள்.

கருவியோடு வீட்டுக்கு வந்தாள். தம்பியையும் அம்மாவையும் உட்காரவைத்து, சட்டையைத் தூக்கி, இடுப்பிலிருந்த கித்தான் வாரை அவிழ்த்து மேஜைமேல் போட்டாள். தம்பி கட்டடத்தை விற்கப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, கடை போனாலும் இன்னொரு கடை வைக்க வேண்டும் என்று கட்ட ஆரம்பித்தது. எண்பத்தாறு காசு.

தம்பி வாரையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, நீயுமா?" என்றான்.

"கல்லாவுல காசு கொறையுது, காசு கொறையுதுன்னு என்னையப் போட்டு அந்தப் பாடு படுத்துனியேடி," என்றாள் அம்மா.

வார் மேஜைமேல் இருக்க, அவள் கருவியைத் தூக்கியபோது அது முதல்முறையாக வாயை மூடிக்கொண்டது. கடை முழுக்க நடந்தாள். பின்கட்டுக் கிடங்கின் மூலையில், பக்கத்து நூல்கடைச் சுவருக்கு அரை முழம் இந்தப் பக்கம், தாழ்ந்த குரலில் நிறுத்தாமல் முனகியது. அந்த நூல்கடையை வாங்கிப்போட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டாள். கருவியை அணைத்தாள். வாரை எடுத்துத் திரும்பக் கட்டிக்கொண்டாள். யோசித்துச் செய்ததில்லை, பழக்கம்.

மறுநாள் விடுமுறை. வெயில் ஏறியபோது குழி தோண்டுகிறவர் இரண்டடி முடித்து, மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடியவர் கூலிக்குக்கூடத் திரும்பி வரவில்லை. குழியின் அடியில் ஒரு கை இருந்தது. வெதுவெதுப்பாக, நகம் சுத்தமாக, விரித்த விரலோடு. மூத்தவள் இறங்கி அதன் பக்கத்தில் நின்றாள். கை தடவிப் பார்த்து முதலில் அவள் முழங்காலைத் தொட்டது. முழங்காலிலிருந்து கீழே போனது, இன்னும் கீழே போனது. கெட்டிக் களிமண்ணுக்குள் அவள் கால் கெண்டைக்கால் வரை இறங்கியிருந்ததைக் கண்டதும் அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. நாற்பது வருஷத்தில் சரக்குக் கப்பல் மூழ்கியபோதும் கடை தீப்பிடித்தபோதும் எண்ணுவதை நிறுத்தாத கை.

அவள் குனிந்து விரலைக் கொடுத்தாள். அப்பா ஒரு விரலைப் பிடித்தார்: நீ ஒன்று விட்டால் நான் ஒன்று விடுகிறேன். அவள் விரலை உதறி அவருடைய ஐந்து விரலையும் பிடித்தாள்: நான் ஒன்று, நீங்கள் ஐந்து. கை அவளைத் தள்ளிவிட்டு விரலை மடக்கிக்கொண்டது. கடையை மூடிவிட்டுப் போகிறவர்போல நடிப்பது அவருடைய பழைய தந்திரம். அவளும் எழுந்து போவதுபோல நடித்தாள், கால்தான் வரவில்லை. இரண்டு என்றார். நாலு என்றாள். குழிமேட்டில் நின்ற அம்மா, "அப்பனும் மகளும் மூச்சு இருக்கறப்பவே முடிச்சுக்கோங்க," என்றாள். பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்றுக்கு மூன்று என்று முடிந்தது. அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாலு வருஷமாகத் தேடிய மணிக்கட்டு என்பதால் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்.

அவள் ஒரு காசை மேலே எறிவாள். மண்ணுக்குள்ளிருந்து மூன்று காசு சூடாக முளைத்து வரும். ஒவ்வொரு தடவையும் அவர் ஏறினார், அவளும் ஏறினாள். நெற்றி வந்தது, கண் வந்தது, வாய் வந்தது. அம்மா முந்தானையால் அந்த வாயைத் துடைத்துவிட்டாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நின்றார்கள்.

"மிஷின் எவ்ளோ?" என்றார் அப்பா.

"இருபத்தொம்போதரை."

பூமிக்குள் நாலு வருஷம் இருந்தபோதும் அப்படி ஆகியிருக்காது. அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. கண்ணை மூடி, "இருபத்திரண்டுக்கு முடிச்சிருக்கலாமேம்மா," என்றார். அந்த அதிர்ச்சியில் எட்டு விரற்கடை திரும்ப இறங்கினார். அதைச் சரிக்கட்டப் பதினெட்டுக் காசு ஆனது.

எழுபத்தெட்டாவது காசோடு இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். அதற்குமேல் ஒன்றுகூட முடியாது என்றாள் மகள். நானும் அதையே சொல்ல இருந்தேன் என்றார் அப்பா. இப்போது கடையில் இருவரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். தரை அவர்களை வருஷத்துக்கு ஒரு விரற்கடை மட்டும் கேட்கிறது. இரண்டு பேரும் அதைக் கட்டடத்தின் வாடகைபோல எடுத்துக்கொண்டார்கள். தெருவில் யாரும் நின்று பார்ப்பதில்லை. மேஜைக்குப் புதுக் கால் போட்டதில் தச்சரோடு இன்னும் தகராறு இருக்கிறது. தம்பி கட்டடத்தை விற்கிற பேச்சை விட்டுவிட்டு, மாதக் கடைசியில் அளவுநாடாவோடு மண்டியிட்டு இருவர் காலையும் அளந்து நோட்டில் எழுதுகிறான். போன மாதப் பக்கம் இது:

கருவி வாங்கியது 29,500. திருப்பி விற்றது 26,000. நஷ்டம் 3,500, அப்பாவிடம் சொல்ல வேண்டாம். மேலே வந்த காசு: அப்பா 234, அக்கா 78, ஆக 312. வாரில் பாக்கி: அப்பா 6, இறக்கம் கணுக்கால் வரை. அக்கா 8, கணுக்காலுக்கு மேல் ஒரு விரற்கடை.